தண்ணீர் ஓடும் நாடு: கலிஃபோர்னியாவின் இன்யோ கவுண்டி

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடக்கே மூன்றரை மணி நேரம் காரில் போனால் லோன் பைன் என்ற சின்ன ஊர் வரும். 395ஆம் எண் நெடுஞ்சாலைதான் அந்த ஊரின் கடைத்தெருவும். இடது பக்கம் சியரா நெவாடா மலைத்தொடர். அலபாமா குன்றுகள் என்ற உருண்டைப் பாறைக் கூட்டத்தைத் தாண்டியதுமே மலை நேராக எழும்பிவிடும்; ஊர்த் தரைக்கும் விட்னி சிகரத்துக்கும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். வலது பக்கம் இன்யோ மலைகள், காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். நடுவே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. புதர், மணல், தூரத்தில் மேயும் சில மாடுகள், அப்புறம் கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளி.

இங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் போகிறவர்கள் குறைவு. மனிதக் கை படாத இடம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் இந்த வெட்டவெளியில் பெரும்பகுதி ஒரு காலத்தில் பாசன நிலம். இங்கே வாய்க்கால் இருந்தது, கோதுமை இருந்தது, ஆப்பிள் தோட்டம் இருந்தது, பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஏக்கர் ஏக்கராகக் காசு கொடுத்து வாங்கித்தான் இந்த இடத்தைக் காலியாக்கினார்கள்.

கவுண்டி என்பது மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு. இன்யோ கவுண்டி 1866ல் உருவானது. பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 19,016. நகர அந்தஸ்து உள்ள ஊர் பிஷப் ஒன்றுதான். தலைநகரான இண்டிபெண்டன்ஸில் சில நூறு பேர் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கவுண்டியில் தனியார் கையில் இருப்பது நூற்றுக்கு இரண்டு ஏக்கர் கூட இல்லை. மிகப் பெரும்பகுதி மத்திய அரசின் காடும் பாலைவனமும் தேசியப் பூங்காவும். பள்ளத்தாக்கின் தரையில், தண்ணீர் கிடைக்கும் நல்ல நிலமெல்லாம் லாஸ் ஏஞ்சலிஸ் மாநகராட்சிக்குச் சொந்தம். ஒரு கவுண்டியின் விளைநிலம் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நகரத்தின் சொத்தாக எப்படி ஆனது என்று கேட்டால், மலையிலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும்.

அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக, அமெரிக்காவின் 48 மாநிலங்களில் மிக உயரமான இடம் விட்னி சிகரம், 4,421 மீட்டர். வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்வான இடம் மரணப் பள்ளத்தாக்கின் பேட்வாட்டர் உப்புப் படுகை, கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. இரண்டும் இந்த ஒரே கவுண்டியில்தான், நேர்க்கோட்டில் ஏறக்குறைய 135 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. பூமியின் மேலோடு இங்கே கிழக்கு மேற்காக இழுபட்டுக் கிழிந்துகொண்டிருக்கிறது. கிழிந்த துண்டுகளில் சில மேலெழும்பி மலையாயின, சில இறங்கிப் பள்ளத்தாக்காயின.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. 1872 மார்ச் 26, விடியற்காலை இரண்டரை மணி. லோன் பைனில் எல்லோரும் தூக்கத்தில் இருந்தபோது பள்ளத்தாக்கின் அடியில் இருந்த பிளவு நழுவியது. வெயிலில் காயவைத்த மண்கல்லால் கட்டிய வீடுகள் அவை. ஊரில் இருந்த 59 வீடுகளில் 52 இடிந்தன, 27 பேர் செத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் யோசெமிட்டியில் இருந்த இயற்கையாளர் ஜான் மியூரையும் அந்த அதிர்ச்சி எழுப்பிவிட்டது. நிலா வெளிச்சத்தில் பாறைகள் சரிந்து விழுந்ததைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். லோன் பைனுக்குச் சற்று மேற்கே நடந்து போனால் அந்தப் பிளவைக் கையால் தொடலாம். மண்வெட்டியால் வரப்பைச் செதுக்கினாற்போல, சமதரை திடீரென ஆறு மீட்டர் உயரத்துக்குப் படியாக நிற்கும். ஒரே இரவில் வந்த உயரம் இல்லை அது, பல நிலநடுக்கங்கள் சேர்த்து வைத்தது. கீழே நிற்பவருக்கு மேலே நிற்பவரின் கால் தலைக்கு மேல் தெரியும்.

பசிபிக் கடலிலிருந்து வரும் மேகத்தைச் சியரா மறித்து, பனியாகத் தன் மேல் கொட்டிக்கொள்கிறது. மறுபக்கம் முழுக்க மழைமறைவு. இண்டிபெண்டன்ஸில் ஆண்டு மழை 13 சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் அந்தப் பனி உருகி, டஜன்கணக்கான ஓடைகளாக இதே பள்ளத்தாக்கில்தான் இறங்குகிறது. வானம் பார்த்தால் பாலைவனம், தரை பார்த்தால் நீர்வளம். இங்கே தொன்றுதொட்டு வாழும் பையூட் மக்கள் தங்கள் மண்ணைப் பயாஹூநாடு என்கிறார்கள். தண்ணீர் ஓடும் இடம் என்று அர்த்தம். ஒரு தமிழ்க் காதுக்கு அந்தச் சொல்லின் கடைசிப் பகுதி பழகிய சொல்லாகக் கேட்கும். தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

பையூட்கள் வேட்டையாடித் திரிந்தவர்கள் என்றுதான் பழைய பள்ளிப் பாடங்கள் சொல்லும். உண்மையில் அவர்கள் பாசனம் தெரிந்தவர்கள். இப்போது பிஷப் இருக்கும் இடத்தில், வசந்தத்தில் ஊர் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். நம் கண்மாய்க்கரை ஊர்களின் சொல்லில் சொன்னால், ஒரு நீர்ப்பாய்ச்சி. அவர் தலைமையில் இருபது இருபத்தைந்து ஆண்கள் பாறையும் தழையும் மண்ணும் போட்டு ஓடைக்குக் குறுக்கே அணை கட்டுவார்கள். தண்ணீர் வாய்க்காலில் திரும்பியதும் வறண்ட ஓடைப் படுகையில் துள்ளும் மீனை எல்லோரும் அள்ளிக்கொள்வார்கள். நீர்ப்பாய்ச்சி ஆளுயரத்தை மிஞ்சும் ஒரு கழியை வைத்துக்கொண்டு வயலுக்கு வயல் நீரைத் திருப்பி விடுவார். வடக்கே ஒரு நிலம், தெற்கே ஒரு நிலம். ஓராண்டு இதற்குப் பாய்ச்சினால் மறு ஆண்டு அதற்கு. அங்கே வளர்ந்தவை காட்டுக் கோரைக் கிழங்கும் வேறு சில கிழங்கு வகைகளும் விதைப் புற்களும். அறுவடைக்குப் பின் அணையை உடைத்துவிட, ஓடை பழைய வழியில் ஓடும். 1859ல் ராணுவக் குழுவோடு வந்த கேப்டன் டேவிட்சன் இந்த வாய்க்கால்களைப் பார்த்து வியந்து அறிக்கை எழுதினார், இவர்கள் அமைதியானவர்கள், உழைப்பாளிகள் என்று.

இரண்டு ஆண்டுகளில் மாட்டுக்காரர்கள் வந்தார்கள். 1861ல் டெஹோன் கோட்டைப் பக்கமிருந்து மந்தை ஓட்டி வந்த சாமுவேல் பிஷப் பெயர்தான் இன்றைய நகரத்துக்கு இருக்கிறது. வறண்ட நாட்டில் பச்சையாக இருந்தது பையூட்களின் பாசன நிலம்தான், மாடுகள் அங்கேதான் மேய்ந்தன. அந்தக் குளிர்காலம் கடுமையானது. கிழங்கு போனது, வேட்டை விலங்கு போனது. பசித்தவர்கள் மாட்டை அடித்துச் சாப்பிட்டார்கள். அதிலிருந்து மூண்டது சண்டை. 1862 ஜூலை 4 அன்று ராணுவம் முகாம் போட்டது. அமெரிக்கச் சுதந்திர நாள் என்பதால் அதற்கு இண்டிபெண்டன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு ஜூலையில் ஏறக்குறைய 900 பையூட்களைத் துப்பாக்கி முனையில், கோடை வெயிலில், டெஹோன் கோட்டை வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். 300 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். பலர் பிறகு தப்பித் திரும்பி வந்தார்கள். வந்தபோது அவர்கள் வாய்க்காலில் வேறு ஆட்கள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தங்கள் நிலத்திலேயே கூலிக்கு வேலை செய்தார்கள். கவுண்டிக்கு வைத்த இன்யோ என்ற பெயரும் பையூட் தலைவர் ஒருவர் சொன்னது, பேராவி தங்கும் இடம் என்று அர்த்தம் என்றே குடியேறிகள் எழுதிவைத்தார்கள். பெயரை வைத்துக்கொண்டு ஆட்களை வெளியேற்றியிருக்கிறார்கள்.

இதே காலத்தில் இன்யோ மலையின் உச்சியில் செர்ரோ கோர்டோ என்ற இடத்தில் வெள்ளி கிடைத்தது. ஈயமும் வெள்ளியும் கலந்த பாளங்கள் ஓவன்ஸ் ஏரியை நீராவிப் படகில் கடந்து, கோவேறு கழுதை வண்டிகளில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போயின. இந்தப் படகு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1872ல் நீராவிப் படகு ஓடிய ஏரி அது. 1870ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆறாயிரம் பேர் கூட இல்லாத ஊர். வண்டிக்கும் கழுதைத் தீவனத்துக்கும் நடந்த அந்த வியாபாரம் அந்த ஊரை நன்றாகவே வளர்த்தது. உலைக்குக் கரி வேண்டும் என்று மலையில் இருந்த பினியன் பைன் மரங்களை வெட்டினார்கள். அதன் கொட்டைதான் பையூட்களின் குளிர்கால உணவு.

வெள்ளி தீர்ந்தது, விவசாயம் நிலைத்தது. 1900ல் பள்ளத்தாக்கில் பழத் தோட்டம், அல்ஃபால்ஃபா தீவன வயல், பால் பண்ணை எல்லாம் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் அதற்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதன் ஆறு அத்தனை பேருக்குப் போதாது. அந்நகரின் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் 1904, 1905ல் இங்கே வந்து ஆற்றங்கரை நிலங்களையும் தண்ணீர் உரிமைகளையும் வாங்கினார். அப்போது மத்திய அரசின் பாசனத் துறை இந்தப் பள்ளத்தாக்குக்கே ஓர் அணைத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஈட்டன் அதற்காகத்தான் வாங்குகிறார் என்று பல விவசாயிகள் நம்பினார்கள். அந்தப் பாசனத் துறையின் பொறியாளர் லிப்பின்காட் அதே சமயம் லாஸ் ஏஞ்சலிஸிடமும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். 1905 ஜூலை இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழ் ஒன்று திட்டத்தைப் போட்டு உடைத்தபோதுதான் பள்ளத்தாக்குக்கு விஷயம் தெரிந்தது. அரசின் பாசனத் திட்டம் கைவிடப்பட்டது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் நகரத்தின் பக்கம் நின்றார். 1907ல் இன்யோ தேசிய வனம் என்று அறிவித்த நிலத்தில் கணிசமான பகுதியில் மரமே கிடையாது. புதிதாக யாரும் குடியேறித் தண்ணீருக்கு உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்காக, புதர்க்காட்டை வனமாக்கினார்கள்.

திட்டத்தின் மூளை வில்லியம் மல்ஹோலண்ட். அயர்லாந்திலிருந்து வந்து வாய்க்கால் தூர்வாருகிறவராக வேலையைத் தொடங்கி, நகரின் தலைமை நீர்ப் பொறியாளர் ஆனவர். 1908ல் வேலை ஆரம்பம், 1913 நவம்பர் 5 அன்று தண்ணீர் போய்ச் சேர்ந்தது. 375 கிலோமீட்டர்; சுரங்கம், கால்வாய், இரும்புக் குழாய். வழியில் எங்கேயும் ஒரு பம்ப்புகூடக் கிடையாது, முழுக்கச் சரிவிலேயே ஓடுகிறது. பொறியியலாகப் பார்த்தால் தலைவணங்க வேண்டிய வேலை. அதை மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் தண்ணீர் முதலில் போனது குடிசனங்களின் குழாய்க்கு மட்டும் இல்லை. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு என்ற புறநகர் நிலத்துக்கும் போனது. அந்த நிலத்தை முன்கூட்டியே வாங்கிப் போட்டவர்களில் நகரின் பத்திரிகை அதிபர்களும் ரயில் முதலாளிகளும் இருந்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் வயலைக் காயவிட்டு இன்னொரு பள்ளத்தாக்கின் வயலைச் செழிக்கவைத்தார்கள்.

1920களில் மழை பொய்த்தது. நகரம் மேலும் நிலம் வாங்கியது, ஒரே வாய்க்காலில் இருப்பவர்களில் ஒருவரை விட்டு ஒருவராக. பக்கத்து நிலம் விற்றுவிட்டால் வாய்க்காலைப் பராமரிக்க ஆள் இருக்காது. நடுவில் சிக்கிய விவசாயி எத்தனை நாள் தாங்குவார்? ஒரு பண்ணை போனால் அது சரக்கு வாங்கிய கடை போகும், கடை போனால் பள்ளிக்கூடம் போகும். 1924 மே மாதம் கால்வாயை டைனமைட் வைத்து உடைத்தார்கள். நவம்பர் 16 அன்று எழுபது பேர் அளவில் கால்வாயின் அலபாமா மதகுக்குப் போய் அதைத் திறந்து, தண்ணீரைப் பழைய ஆற்றுப் படுகையில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். நான்கு நாள். குடும்பம் குடும்பமாக வந்து அடுப்பு மூட்டினார்கள், இறைச்சி வாட்டினார்கள். பக்கத்துக் குன்றுகளில் படப்பிடிப்பில் இருந்த நடிகர் டாம் மிக்ஸ் தன் வாத்தியக் குழுவை அனுப்பிவைத்தார். அடக்க வேண்டிய ஷெரிஃபுக்கும் (கவுண்டியின் காவல் தலைவர்) தன் ஊர்க்காரர்களைச் சுட மனம் வரவில்லை. இந்த எதிர்ப்புக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள் வில்ஃப்ரெட், மார்க் வாட்டர்சன் சகோதரர்கள். பள்ளத்தாக்கின் வங்கிகள் அவர்களுடையவை. 1927 ஆகஸ்டில் வங்கி மூடப்பட்டது. கணக்கில் கையாடல் செய்தது நிரூபணமாகி இருவரும் சான் க்வென்டின் சிறைக்குப் போனார்கள். சேமிப்பையும் தலைவர்களையும் ஒரே ஆண்டில் இழந்த ஊர் அதற்குப் பிறகு எழவில்லை. அடுத்த மார்ச்சில் மல்ஹோலண்ட் கட்டிய செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைந்து 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவருடைய வாழ்க்கையும் அதோடு முடங்கிவிட்டது.

நீராவிப் படகு ஓடிய ஓவன்ஸ் ஏரி 1926 வாக்கில் வெறும் உப்புத் தரை. 280 சதுர கிலோமீட்டர் அளவுள்ள தரை. காற்று எழுந்தால் ஆர்சனிக் கலந்த வெள்ளைத் தூசி மேகமாகக் கிளம்பி, ஏரியின் கிழக்குக் கரையில் கீலர் போன்ற ஊர்களை மூடும். ஒரே இடத்திலிருந்து கிளம்பும் நுண்துகள் தூசியில் அமெரிக்காவிலேயே இதுதான் பெரியது என்று ஆனது. படகுத்துறை இருந்த ஊரில் இருமல்தான் மிச்சம்.

மன்சானார் கதையைச் சொல்லாமல் இன்யோவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஸ்பானிய மொழியில் மன்சானார் என்றால் ஆப்பிள் தோட்டம். 1910ல் லோன் பைனுக்கும் இண்டிபெண்டன்ஸுக்கும் நடுவே உருவான விவசாயக் குடியிருப்பு அது. ஆப்பிள், பேரிக்காய், பீச். 1920களில் லாஸ் ஏஞ்சலிஸ் அதையும் வாங்கியது, மக்கள் வெளியேறினார்கள். பேரி மரங்கள் மட்டும் நின்றன. 1942ல், ஜப்பானுடன் போர் மூண்ட பிறகு, ரூஸ்வெல்ட் (இவர் ஃபிராங்க்ளின்) போட்ட 9066ஆம் உத்தரவின்படி மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அப்புறப்படுத்த இடம் தேடினார்கள். காலியான நிலம், பக்கத்தில் ரயில், ஓடையில் தண்ணீர். ராணுவம் நகரத்திடம் குத்தகைக்கு எடுத்தது. ஏற்கெனவே ஆட்களை வெளியேற்றிக் காலி செய்த இடம் என்பதால்தான் இன்னொரு கூட்டத்தை அடைத்துவைக்க அது வசதியாக இருந்தது.

பத்தாயிரம் பேர் வரை அங்கே இருந்தார்கள், அன்றைய இன்யோ கவுண்டியின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகம். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். குற்றச்சாட்டு எதுவும் கிடையாது, விசாரணையும் கிடையாது. முள்கம்பி, எட்டுக் காவல் கோபுரங்கள், தார்த்தாள் ஒட்டிய பலகைக் கொட்டகைகள். தரைப்பலகையின் இடுக்கிலும் ஓட்டையிலும் மணல் ஏறும். தகர டப்பா மூடிகளை ஆணியடித்து ஓட்டைகளை அடைத்தார்கள். 1942 டிசம்பர் 6 இரவு போராட்டக் கூட்டத்தின் மேல் சிப்பாய்கள் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அதே முகாமில்தான் குளம் வெட்டிப் பாறை அடுக்கித் தோட்டமும் போட்டார்கள். விவசாயம் தெரிந்தவர்கள், பழைய பேரி மரங்களைக் கவாத்து செய்து தண்ணீர் விட்டு மறுபடி காய்க்க வைத்தார்கள். கல்லறையில் வெள்ளை நிறக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1943ல் குடும்பத்துக்கு 15 சென்ட் வீதம் திரட்டிக் கட்டியது. அதில் இருக்கும் மூன்று ஜப்பானிய எழுத்துகள், ஆன்மாக்களை ஆற்றும் கோபுரம் என்கின்றன. வருகிறவர்கள் அதன் காலடியில் நாணயமும் காகிதக் கொக்கும் வைத்துவிட்டுப் போகிறார்கள். பின்னணியில் சியரா, மேலே பனி. முகாம் 1945 நவம்பரில் மூடப்பட்டது. 1988ல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது.

கிழக்கே மரணப் பள்ளத்தாக்கும் இந்தக் கவுண்டிதான். 1913ல் அங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலக வெப்பச் சாதனை. வடக்கே வெள்ளை மலையில், மூவாயிரம் மீட்டர் உயரத்தில், சுண்ணாம்பு போன்ற டோலமைட் மண்ணில் பிரிஸ்டில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. அதில் மெதுசலா என்ற மரத்துக்கு 4,800 வயதுக்கு மேல். பெரும்பகுதி மரம் செத்திருக்கும், ஒரு சாண் அகலப் பட்டை மட்டும் உயிரோடு ஒரு கிளையைத் தாங்கி நிற்கும். எந்த மரம் மெதுசலா என்று வனத்துறை யாருக்கும் காட்டுவதில்லை.

1970ல் நகரம் இரண்டாவது கால்வாய் கட்டி நிலத்தடி நீரையும் பெருமளவில் இறைக்கத் தொடங்கியது. ஊற்றுகள் வற்றின. 1972ல் இன்யோ கவுண்டி வழக்குப் போட்டது, இழுத்து இழுத்து 1991ல் நீண்டகால ஒப்பந்தம் வந்தது. 2006 டிசம்பரில், 93 ஆண்டுகளுக்குப் பிறகு, ஓவன்ஸ் ஆற்றின் கீழ்ப் பகுதியில் நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு மறுபடி தண்ணீர் ஓடியது. ஏரித் தூசியை அடக்க நகரம் 200 கோடி டாலருக்கு மேல் செலவு செய்துவிட்டது. மெல்லிய நீர்ப்பரப்பு, சரளைக் கல், உப்பைத் தாங்கும் புல். ஏரி திரும்பவில்லை. ஆனால் ஈரம் பட்ட இடங்களில் உப்பு ஈ பெருக, அதைத் தின்ன பறவைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன.

நகரம் வாங்கியதால்தான் பள்ளத்தாக்கு காப்பாற்றப்பட்டது, இல்லாவிட்டால் வீட்டு மனைகளாகியிருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. காட்சி தப்பித்திருக்கிறது, சரி. ஆனால் பிஷப்பில் ஓர் ஆசிரியருக்கோ செவிலியருக்கோ வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊர் விரிய நிலமே இல்லை. மாட்டுப்பண்ணைக்காரர்கள் தாத்தா காலத்து நிலத்தில் குத்தகைதாரர்களாக இருக்கிறார்கள். இன்னொன்று, 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசும் நகரமும் நிலம் மாற்றிக்கொண்டு பிஷப், பிக் பைன், லோன் பைன் ஆகிய இடங்களில் பையூட்களுக்குக் குடியிருப்பு நிலம் ஒதுக்கின. தண்ணீர் உரிமையை மட்டும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை முடியவில்லை.

2013 வாக்கில் நகரத்தின் மின்வாரியம் மன்சானாருக்கு எதிரே பெரிய சூரிய மின்பண்ணை போட நினைத்தது. பையூட்கள், பள்ளத்தாக்கின் பண்ணையாளர்கள், முகாமில் இருந்த ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்கள் மூன்று தரப்பும் ஒன்றாக நின்று எதிர்த்ததில் திட்டம் நின்றது. பையூட்கள் தங்கள் பழைய வாய்க்கால்களையும் புதருக்குள் நடந்து நடந்து அளந்து வரைபடத்தில் ஏற்றிவருகிறார்கள். நூற்றைம்பது ஆண்டாகத் தண்ணீர் காணாத தடம், குனிந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு பக்கமும் ஓரடி உயரக் கரை, நடுவே சரிவு மாறாத பள்ளம்.